வீட்டிற் கட்டிய விமானமும் சிறகின் வலிமையும்

ஆகாயவிமானத்தின் வரலாறு பெரும்பாலும் பெருந் தொழிற்சாலைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயினும், வீட்டின் பின்புறத்துக் கொட்டிலிலும், தச்சுப் பட்டறையின் மூலையிலும், ஓய்வு நேரத்திலே தம் கையால் மரமறுத்து, பசை பூசி, துணி போர்த்துச் சிறு விமானம் அமைத்துப் பறந்தவர் பலர். அவர்களுட் சிலர் புகழ் பெற்றனர். சிலர் தாம் கட்டிய சிறகு முறிய உயிர் துறந்தனர். அம்முறிவு ஒவ்வொன்றும் ஒரு வினாவை எழுப்பிற்று. அவ்வினாவுக்குக் கிடைத்த விடையே பின்னைய விமானத்தின் சிறகில் ஒரு கம்பியாகவோ, ஒரு முட்டுக்கோலாகவோ இடம்பெற்றது. அவ்விடைகள் எவ்வாறு பெறப்பட்டன என்பதை ஆராய்தல் பயனுடைத்து.

சிறகு சுமக்குஞ் சுமை

சிறகின் அமைப்பை அறிய வீட்டுக் கூரையை நினைத்தல் நன்று. கூரையின் பாரம் எப்பொழுதும் கீழ்நோக்கியே இருக்குமென எண்ணி வளையும் கைமரமும் வைக்கின்றோம். புயல் வீசுங்காலத்து அதே கூரையைக் காற்று மேல்நோக்கி இழுக்கின்றது; அப்பொழுது கூரையைக் காப்பது மரத்தின் பருமனன்று, மரத்தோடு மரத்தைப் பிணைத்த கட்டேயாகும். விமானச் சிறகின் நிலை இதற்கு நேர்மாறானது. தரையில் நிற்கும்போது அது தன் நிறையாற் கீழ்நோக்கித் தொங்குகின்றது. பறக்கும்போதோ விமானம் முழுவதையும் சுமந்து மேல்நோக்கி வளைகின்றது. ஆகவே இரு திசைச் சுமைக்கும் ஈடுகொடுக்குமாறு அது அமைதல் வேண்டும்.

பழைய மரச் சிறகின் உயிர்நிலை, அதன் நீளத்துக்கு ஓடும் இரண்டு தீராந்திகளாகும். அவற்றுக்குக் குறுக்கே விலாக்கோல்கள் பொருத்தப்பட்டுத் துணி போர்த்தப்படும். காற்றின் விசை துணியிலிருந்து விலாக்கோலுக்கும், விலாக்கோலிலிருந்து தீராந்திக்கும், தீராந்தியிலிருந்து கம்பி அல்லது முட்டுக்கோல் வழியாக உடற்பகுதிக்கும் செல்கின்றது. இவ்வழியில் எந்த ஓரிடம் மெலிந்ததோ அவ்விடமே சிறகு முழுவதின் வலிமையையும் வரையறுக்கும்.

இச்சுமை விமானத்தின் நிறைக்குச் சமமானதென்று எண்ணுதல் தவறு. 1,000 இறாத்தல் நிறையுள்ள விமானம் நேரே அமைதியாகப் பறக்கும்போது சிறகுகள் 1,000 இறாத்தலையே தாங்குகின்றன. அதே விமானம் கீழ்நோக்கிப் பாய்ந்து பின் விரைவாக மேலெழும்போது, அச்சுமை 3,000, 4,000 இறாத்தல்வரை உயரக்கூடும். சாதாரண இனத்துச் சிறு விமானம் தன் நிறையின் 3.8 மடங்கை மேல்நோக்கியும், ஏறக்குறைய 1.5 மடங்கைக் கீழ்நோக்கியும் தாங்கவேண்டும் என்றும், அதன்மேல் ஒன்றரை மடங்கு காப்பு வேண்டும் என்றும் அமெரிக்க விதிகள் பல்லாண்டுகளாக வகுத்திருந்தன. இவ்வெண்கள் ஏட்டில் எழுந்தவை அல்ல. முறிந்த சிறகுகளிலிருந்து பெறப்பட்டவை.

பாலத்திலிருந்து வந்த அறிவு

சிறகின் வலிமைக்கு முதன்முதல் ஒழுங்கான முறை தந்தவர் விமானி அல்லர். பாலங் கட்டும் பொறியியலாளர். அமெரிக்காவில் இருப்புப்பாதைகளும் பாலங்களும் அமைத்துப் பெயர்பெற்ற ஒக்டேவ் சனூட் என்பார், 1896 இல் மிச்சிகன் ஏரிக்கரையில் மிதவை விமானங்களைப் பரிசோதித்தார். அவற்றுள் ஒன்றில், ஒன்றன்மேலொன்றாக அமைந்த இரு சிறகுகளை நிலைக்கோல்களாலும் குறுக்குக் கம்பிகளாலும் பிணைத்தார். 'பிராற்' என்பாரின் பெயரால் வழங்கிய பாலச் சட்டகத்தின் முறையே அது. நிலைக்கோல் நெருக்கலைத் தாங்கும். மூலைவிட்டக் கம்பி இழுவையைத் தாங்கும். இரண்டும் சேர்ந்து மிகக் குறைந்த நிறையில் மிகுந்த உறுதியைத் தரும். 1903 டிசெம்பர் 17 இல் றைற் சகோதரர் பறக்கச்செய்த விமானத்தின் சிறகமைப்பும் இவ்வழிப்பட்டதே.

ஒற்றைச் சிறகு விமானங்களுக்கு இவ்வசதி இல்லை. இரண்டு தளங்களுக்கு இடையே கிடைக்கும் ஆழமான சட்டகம் அங்கே இல்லாமையால், உடற்பகுதிக்கு மேலும் கீழும் ஓடும் கம்பிகளையே அவை நம்பவேண்டியிருந்தன. எளிமையும் மலிவும் கருதி வீட்டிற் கட்டுவோர் பெரிதும் விரும்பியது ஒற்றைச் சிறகையே. அவர்களுடைய இடர்ப்பாடும் அங்கேயே தொடங்கிற்று.

மூங்கிலும் பட்டும்

வீட்டிற் கட்டும் விமானங்களுக்கு முன்னோடியாகக் கொள்ளத்தக்கது, பாரிசில் வாழ்ந்த பிரேசில் நாட்டவரான சந்தோஸ் துமோன் அமைத்த 'தெமுவாசெல்' ஆகும். அதன் முதல் உருவம் 1907 இலும், திருத்தமுற்ற உருவம் 1909 இலும் பறந்தன. உடற்பகுதிக்கு மூங்கில், சிறகுக்குப் பட்டு, அவற்றைப் பிணைக்கக் கம்பி என்றவாறு அது அமைந்தது. சிறகின் அகலம் ஏறத்தாழ 5 மீற்றரே. சந்தோஸ் துமோன் தம் அமைப்புக்கு உரிமைப்பணம் கேளாது, எவரும் அதனைக் கட்டலாமென விட்டுக்கொடுத்தார். 1910 யூன் மாதத்தில் அமெரிக்கச் சஞ்சிகை ஒன்று அதன் வரைபடங்களை வெளியிட்டது. பொருள்வளம் இல்லாதவனும் பறக்கலாம் என்னும் நம்பிக்கை இவ்வாறு பரவிற்று.

ஆயின், வரைபடம் பரவிய வேகத்திற் சிறகின் இயல்பு பற்றிய அறிவு பரவவில்லை. 1910 சனவரி 4 ஆம் நாளை விமான வரலாற்றிற் குறிப்பிடத்தக்க நாளாகக் கொள்ளலாம். அன்று சந்தோஸ் துமோன் தெமுவாசெல்லிற் பறந்த பறப்பு விபத்தில் முடிந்தது. அவர் மீண்டும் விமானியாகப் பறந்ததில்லை. அதே நாளில் பிரான்சின் போர்தோ நகருக்கு அண்மையில், புகழ்பெற்ற விமானியான லெயோன் தெலகிராஞ்சு தம் பிளேரியோ விமானத்தின் சிறகு முறிந்து வீழ்ந்து இறந்தார். அவ்விமானத்துக்கு முதலில் உரியது 25 பரிவலு இயந்திரம். அவர் பூட்டியிருந்ததோ 50 பரிவலு இயந்திரம். இயந்திரம் வலுத்தது, சிறகு பழைய சிறகாகவே இருந்தது. வலியறிதல் என்னும் அதிகாரத்தில், மெல்லிய பொருளேயாயினும் அளவின்றி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியுமென வள்ளுவர் காட்டிய உண்மை, ஆகாயத்திலும் செல்லுபடியாவதை இந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

மேற்கம்பி கற்பித்த பாடம்

1909 யூலை 25 இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து உலகப்புகழ் எய்திய லூயி பிளேரியோவின் விமானம், அக்காலத்தில் மிகுதியாக விற்பனையாகிய ஒற்றைச் சிறகு விமானமாகும். அதன் சிறகைக் கீழிருந்து பல கம்பிகள் இழுத்துப் பிடித்தன. மேலிருந்தும் சில கம்பிகள் பிடித்தன. பறக்கும்போது சிறகு மேல்நோக்கி வளைவதால், கீழ்க்கம்பிகளே உயிர் காப்பன என எல்லோரும் கருதினர். மேற்கம்பிகளின் பணி, தரையில் நிற்கும் சிறகின் நிறையைத் தாங்குவதும், இறங்கும்போது உண்டாகும் அதிர்ச்சியை ஏற்பதுமே என எண்ணப்பட்டது. ஆகையால் மேற்கம்பிகள் கீழ்க்கம்பிகள் அளவுக்கு உறுதியாக அமைக்கப்படவில்லை.

விமானங்கள் தொடர்ந்து முறிந்தபோது, தீராந்திகளும் கீழ்க்கம்பிகளும் வலுப்படுத்தப்பட்டன. ஆயினும் விபத்துக்கள் நின்றபாடில்லை. 1912 ஆம் ஆண்டின் தொடக்கத்திற் பிளேரியோ தாமே ஆராய்ந்து பிரெஞ்சு அரசாங்கத்துக்கு அறிக்கை சமர்ப்பித்தார். சிறகுகள் மேல்நோக்கி அன்று, கீழ்நோக்கியே முறிந்தன என்பது அவர் கண்ட முடிபு. விமானம் செங்குத்தாகப் பாயும்போதும், குழம்பிய காற்றில் அகப்படும்போதும் காற்று சிறகின் மேற்புறத்தை அழுத்துகின்றது. அவ்வேளையிற் சுமை முழுவதும் மேற்கம்பிகளின்மீது விழ, அவை அறுகின்றன, சிறகு மடிகின்றது. இதனை ஏற்ற பிரெஞ்சு இராணுவம், மேற்கம்பிகள் வலுப்படுத்தப்படும்வரை ஒற்றைச் சிறகு விமானங்களைப் பறக்கவிடாது நிறுத்தியது.

தம் பண்டத்தின் குறையைத் தாமே வெளியிட்டமையாற் பிளேரியோவின் வணிகத்துக்கு ஊறு நேர்ந்திருக்கலாம். ஆயின் அவருடைய மதிப்பு அதனால் உயர்ந்ததேயன்றித் தாழவில்லை. பிரித்தானியாவிலோ நிலை வேறாயிற்று. 1912 செப்டெம்பரில் நிகழ்ந்த விபத்துக்களின் பின்னர் அந்நாட்டு இராணுவம் ஒற்றைச் சிறகு விமானங்களைத் தடைசெய்தது. ஆராய்ச்சிக் குழுவொன்று, ஒற்றைச் சிறகு இயல்பாகவே தீயதன்று எனக் கண்டபின் 1913 இல் தடை நீங்கியது. ஆயினும் அச்சம் நீங்கவில்லை. இரட்டைச் சிறகே பாதுகாப்பானது என்னும் எண்ணம் அங்கு நெடுங்காலம் நிலைத்தது. காரணம் கண்டு திருத்திய நாடு ஒன்று. காரணம் கண்டும் அஞ்சிய நாடு மற்றொன்று.

பறக்குந் தெள்ளு

வீட்டிற் கட்டிய விமானங்களின் வரலாற்றிலே பெருங் கிளர்ச்சியை உண்டாக்கியவர் ஆன்றி மீன்யே என்னும் பிரெஞ்சுக்காரர். 1893 இற் பிறந்த இவர் தாமே முயன்று பல விமானங்களை அமைத்தவர். கைப்பிடியையும் கால்மிதிகளையும் ஒருங்கே கையாளும் வழக்கமான முறை சாதாரண மனிதனுக்குக் கடினமானது என்பது இவர் கருத்து. ஆகவே கால்மிதியும், சிறகின் ஓரத்துச் சிறு அசைபலகைகளும் இல்லாத ஒரு விமானத்தை 1933 இற் பறக்கச்செய்தார். 'வானத்துப் பேன்' எனப் பொருள்படும் பிரெஞ்சுப் பெயரை அதற்கு இட்டார். ஆங்கிலேயர் அதனைப் 'பறக்குந் தெள்ளு' என்றனர். முன்னும் பின்னுமாக இரு சிறகுகள் அதற்கு இருந்தன. பின் சிறகு அசையாதது. முன் சிறகோ ஒரு சுழலிடத்தில் நின்று, கைப்பிடியை இழுக்கும்போது சரிவு மாறும். இவ்வாறு சிறகு முழுவதும் அசைவதே விமானத்தை ஏற்றவும் இறக்கவும் பயன்பட்டது.

1934 இல் மீன்யே எழுதிய நூல், அதனைக் கட்டும் முறையைக் கதைபோல எடுத்துரைத்தது. 1935 இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் 13 இல் மீன்யே தம் விமானத்திற் கால்வாயைக் கடந்து இங்கிலாந்தில் இறங்கினார். அதற்கு முன்னரே, யூலை 24 இல், ஸ்ரீபன் அப்பிள்பி என்பார் தாம் கட்டிய தெள்ளினை ஹெஸ்ரன் விமானத்தளத்திற் பறக்கச்செய்திருந்தார். சில நாட்களில் அது விபத்துக்குள்ளாகவே, மிதவை விமானங்களில் வல்லவரான பேயின்ஸ் என்னும் பொறியியலாளரின் திருத்தங்களோடு மீண்டும் அமைக்கப்பட்டது. பின்னர் பேயின்ஸ், வெளிக் கம்பிகளை நீக்கி, தன் தீராந்தியின் வலிமையாலேயே நிற்கும் சிறகுடைய தெள்ளு ஒன்றையும் ஆக்குவித்தார். பிரித்தானியாவில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட தெள்ளுகள் பதிவு பெற்றன.

1936 இல் இறப்புக்கள் தொடர்ந்தன. மே மாதத்தில் மாத்திரம் பென்சேஸ்ற், டிக்பி ஆகிய இரண்டிடங்களில் விமானிகள் உயிரிழந்தனர். விமானம் மூக்குக் கவிழ்ந்து பாயும், விமானி கைப்பிடியைப் பின்னிழுப்பார், விமானம் நிமிராது, தரையில் மோதும். சிறகு முறியாமலே மனிதர் மாண்டனர் என்பதே இங்கு வியப்புக்குரியது.

பாண்பரோவில் உள்ள 24 அடி விட்டமுடைய பெருங் காற்றுச் சுரங்கத்தில் முழு விமானமே வைத்துப் பரிசோதிக்கப்பட்டது. பிரான்சிலும் சாலே-மெடோன் என்னுமிடத்துச் சுரங்கத்தில் அத்தகைய சோதனை நடைபெற்றது. உண்மை வெளிப்பட்டது. முன் சிறகின் பின்விளிம்பு, பின் சிறகின் முன்விளிம்புக்கு மிக அண்மையில் இருந்தது. கைப்பிடியை இழுக்கும்போது முன் சிறகின் பின்விளிம்பு தாழ்ந்து, இரு சிறகுகளுக்கும் இடையே ஓர் ஒடுங்கிய வழி உண்டாகின்றது. அவ்வழியே விரையும் காற்றுப் பின் சிறகின் உயர்த்தும் விசையை மிகுவிக்கின்றது. பின்புறம் உயர, மூக்கு மேலும் தாழ்கின்றது. விமானத்தின் மூக்கு 15 பாகைக்குமேற் கவிழ்ந்துவிட்டால், கைப்பிடியை முற்றாக இழுத்தும் நிமிர்த்தப் போதிய திருப்பம் எழுவதில்லை. காப்பாற்றவேண்டிய அசைவே கவிழ்த்த அசைவாயிற்று.

பிரித்தானியா அவ்விமானங்களுக்குப் புதிய அனுமதி வழங்குவதை நிறுத்தியது. பிரான்சில் சிறகுகளின் இடைவெளியும் அமைப்பும் மாற்றப்பட்டு, அவ்வினம் தொடர்ந்து வளர்ந்தது. மீன்யே 1965 இல் இறக்கும்வரை அதனைத் திருத்திவந்தார். அவரைப் பின்பற்றிய அமைப்புக்கள் பின்னரும் பறந்துவந்துள்ளன. சிறகை எவ்வளவு வலுப்படுத்தினும் அதன் இடம் பிழையாயின் வலிமையாற் பயனில்லை என்பது இதனாற் பெறப்படும்.

முட்டுக்கோலின் இயல்பு

கம்பிகளின் இடத்தை நாளடைவில் முட்டுக்கோல்கள் பெற்றன. 1929 இல் மினசோட்டா மாநிலத்தின் செரி குரோவ் என்னும் சிற்றூரில், தாமே பயின்ற இயந்திரத் தொழிலாளரான பேர்ணாட் பீற்றன்போல், போர்ட் மோட்டார்க்காரின் இயந்திரத்தைப் பூட்டி இருவர் செல்லும் விமானமொன்றை அமைத்தார். உடற்பகுதிக்கு மேலே குடைபோல் நின்ற அதன் சிறகை இருபுறமும் முட்டுக்கோல்கள் தாங்கின. 1932 இல் அதன் வரைபடங்கள் அச்சில் வெளிவந்தன. பின்னரும் பல தலைமுறையினர் அதனைக் கட்டிவந்துள்ளனர்.

கம்பி இழுவையை மட்டுமே தாங்கும். முட்டுக்கோல் இழுவையையும் நெருக்கலையும் தாங்கும். அதனாலேயே அது மேற்கம்பியின் வேலையையும் சேர்த்துச் செய்யவல்லதாயிற்று. ஆனால் நீண்டு மெலிந்த கோல் நெருக்கலுக்கு உட்படும்போது நசுங்குவதில்லை. பக்கவாட்டில் நெளிந்து மடிகின்றது. இதற்கான கணிதத்தை ஒயிலர் 1744 இலேயே வகுத்திருந்தார். ஒரு கோல் தாங்கும் நெருக்கற் சுமை, அதன் நீளத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாக மாறும். ஆகவே 6 அடிக் கோலின் நடுவிடத்தை அசையாது பிடித்தால், அது நெளிவதற்கு முன் நான்கு மடங்கு சுமையைத் தாங்கும். சிறு விமானங்களின் முட்டுக்கோல் நடுவிலிருந்து சிறகுக்கு ஏறும் மெல்லிய துணைமுட்டின் பொருள் இதுவே. அழகுக்கு வைத்ததென்று அதனை நீக்கியவன், கோலின் வலிமையில் நாலில் மூன்று பங்கை நீக்கியவனாவான்.

துணைமுட்டு வேறு வகையிலும் உதவியதுண்டு. 1917 இல் ஜேர்மனியரின் அல்பற்றோஸ் போர்விமானங்களில், ஒரேயொரு தீராந்தியுடைய ஒடுங்கிய கீழ்ச்சிறகு பாய்ச்சலின்போது முறுக்குண்டு முறிந்தது. முறுக்கலைத் தடுக்க, பின்வந்த உருவத்திற் கீழ்ச்சிறகின் முன்விளிம்பு நோக்கிச் சிறு முட்டொன்று சேர்க்கப்பட்டது. சிறகு வளைவது மட்டுமன்று, முறுகவும் கூடும் என்பதை அது நினைவூட்டியது.

முட்டுக்கோலை மட்டும் தடிப்பாக்குதல் சிறகை வலுப்படுத்துதல் ஆகாது. சாய்ந்து நிற்கும் முட்டு, இழுக்கப்படும்போது தீராந்தியின் உட்பகுதியை உடலை நோக்கி நெருக்குகின்றது. வளைவோடு நெருக்கலும் சேர்ந்து அப்பகுதியை வாட்டுகின்றது. முட்டின் முனையிலுள்ள இரும்புப் பிடியும், அதன் ஆணியும், ஆணி சென்ற மரத்துளையும் அதே சுமையைத் தாங்குதல் வேண்டும். ஓரிடத்தை வலுப்படுத்தினால் முறிவு அடுத்த மெலிந்த இடத்துக்கு இடம்பெயரும். கூட்டிய நிறையோ சிறகு முழுவதின் சுமையையும் உயர்த்தும்.

காலமும் ஒரு பகையாகும். பைப்பர் நிறுவனத்தின் சிறு விமானங்களிற் பயன்பட்ட உருக்குக் குழாய் முட்டுக்கள், உட்புகுந்த ஈரத்தால் உள்ளிருந்தே துருப்பிடிப்பது அறியப்பட்டது. வெளியிற் பூசிய வர்ணம் பளபளக்க, உள்ளே இரும்பு மெலிந்துகொண்டிருக்கும். 1993 இல் அமெரிக்க விமான ஆணையம் அவற்றைக் காலந்தோறும் சோதிக்கவேண்டும் எனக் கட்டளையிட்டது. முனைப்பிடிகளின் திருகுபுரிகளில் வெடிப்பு உண்டாவதும் அக்கட்டளையிற் கருத்திற் கொள்ளப்பட்டது. வீட்டிற் கட்டுவோரும் இதிலிருந்து கற்றுக்கொண்டனர்.

அதிர்வென்னும் பகை

உலோகத்தாற் கட்டும் காலத்திலும் பழைய பாடம் புதிய உருவில் வந்தது. கிறிஸ் ஹைன்ஸ் என்பாரின் அமைப்பான செனித் 601 எக்ஸ்எல் என்னும் விமானம், முட்டுக்கோலின்றித் தன் வலிமையால் நிற்கும் தாழ்சிறகுடையது. தொகுதியாக வாங்கி வீட்டிற் பொருத்தக்கூடியது. 2006 முதல் அவ்வினத்து விமானங்கள் சில பறக்கும்போதே சிறகு சிதைந்து வீழ்ந்தன. 2009 ஏப்பிரிலில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை அவற்றை நிறுத்திவைக்குமாறு வற்புறுத்தியது. காற்றின் விசையும் சிறகின் நெகிழ்ச்சியும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும் அதிர்வு அதன் கவலைக்குரியதாயிற்று. இவ்வதிர்வு ஒருமுறை தொடங்கினால், விமானி உணருமுன்னரே சிறகை உடைத்துவிடக்கூடும். அவ்வாண்டின் இறுதியில் திருத்தங்கள் வெளிவந்தன: தீராந்தியின் அடிப்பகுதியும் நடுப்பகுதியும் வலுப்படுத்தப்பட்டன, சிறகோரத்து அசைபலகைகளுக்கு எதிர்நிறைகள் சேர்க்கப்பட்டன. உறுதியையும் நிறைச்சமநிலையையும் ஒருங்கே திருத்தியமை இங்கு நோக்கற்பாலது.

உரிமையும் கடமையும்

தன் கையாற் கட்டியதைத் தன் விருப்பப்படி மாற்றலாமா என்னும் வினாவுக்கு நாடுகள் வெவ்வேறு விடை தந்தன. பிரித்தானியாவில் 1946 இல் தோன்றிய சிறுவிமானச் சங்கம், தன் பொறியியலாளர் வழியாக அமைப்பு மாற்றங்களை ஆராய்ந்து ஒப்புதல் பெறும் முறையை வளர்த்தது. அமெரிக்காவில், 1947 இல் ஜோர்ச் பொகாடஸ் என்பார் தம் சிறு விமானத்தில் ஒறிகனிலிருந்து தலைநகர்வரை பறந்து சென்று, வீட்டிற் கட்டுவோருக்குச் சட்டத்தில் இடம் வேண்டினார். 1953 இற் போல் பொபெரெஸ்னி மில்வோக்கியிற் பரிசோதனை விமானச் சங்கத்தைத் தொடங்கினார். அங்கே கட்டுவோனுக்கு உரிமை மிகுதி. அதற்கேற்பப் பொறுப்பும் மிகுதி.

அப்பொறுப்பை நிறைவேற்றப் பழைய வழியொன்று உண்டு. சிறகைத் தலைகீழாகக் கிடத்தி, கணக்கிட்ட நிறையுள்ள மணல் மூட்டைகளை, பறக்கும்போது விசை பரவும் ஒழுங்கிலேயே அதன்மீது அடுக்குவர். தலைகீழாகக் கிடப்பதால் மூட்டையின் கீழ்நோக்கிய பாரம், வானத்தில் மேல்நோக்கி எழும் விசைக்குச் சமமாகின்றது. முதல் உலகப்போருக்கு முன்னரே பயன்பட்ட இம்முறை, காற்றுச் சுரங்கமோ கணிப்பொறியோ இல்லாத தச்சனுக்கும் எட்டக்கூடியது. சிறகு முறியவேண்டுமாயின் கொட்டிலில் முறியட்டும். வானத்தில் முறியவேண்டாம் என்பதே அதன் தத்துவம்.

இவ்வரலாற்றினாற் போதரும் உண்மை ஒன்றுண்டு. தெலகிராஞ்சின் சிறகு எதிர்பாராத வலுவால் முறிந்தது. பிளேரியோவின் சிறகு எதிர்பாராத திசையால் முறிந்தது. மீன்யேயின் விமானம் எதிர்பாராத காற்றோட்டத்தாற் கவிழ்ந்தது. பைப்பரின் முட்டு எதிர்பாராத துருவால் மெலிந்தது. செனித்தின் சிறகிலோ சுமையோடு அதிர்வும் ஐயத்துக்குள்ளாயிற்று. கட்டியவர்கள் கண்ட சுமையை எல்லாச் சிறகுகளும் தாங்கின. அவர்கள் காணாத சுமையே அவற்றை வீழ்த்திற்று. ஆதலின், சிறகை வலுப்படுத்த விரும்புவோன் மரத்தையும் இரும்பையும் கூட்டுவதற்கு முன்னர், விசை எங்கே பிறந்து எவ்வழிச் சென்று எங்கே அடங்குகின்றது என்பதை அறிதல் வேண்டும். அவ்வறிவை நமக்கு ஈட்டித் தந்தோருட் பலர் அதன் விலையைத் தம் உயிராற் செலுத்தினர். அவர்கள் விட்டுச்சென்ற கணக்கை மீண்டும் ஒருமுறை பிழைவிடாது செய்தலே அவர்களுக்குப் பின்வந்தோர் ஆற்றத்தக்க கடமையாகும்.